தேதி சொல்லி வரும் வெள்ளம்

மலை சரிந்து ஆற்றில் விழுந்தால் ஆறு நின்றுவிடுகிறது. விழுந்த மண்ணும் பாறையும் யாரும் கட்டாத ஓர் அணையாகிவிடுகிறது. அதன் பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி ஏரியாகிறது. நம் ஊர் ஏரிக்கு மதகு உண்டு, கலிங்கு உண்டு. கரையை மிதித்து இறுக்கியிருப்பார்கள். இந்த ஏரிக்கு அப்படி எதுவும் கிடையாது. வந்து சேரும் தண்ணீர் ஒருநாள் கரையின் தாழ்ந்த இடத்தில் ஏறி வழியும். வழிகிற தண்ணீர் கரையை அரிக்கும். அரிப்பு முற்றினால் மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர் சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். கீழே ஊர்கள் இருக்கின்றன. வயல்களும் பாலங்களும் இருக்கின்றன. வேறு இடம் கிடைக்காமல் ஆற்றோரத்திலேயே குடியிருக்கிற சனங்கள் இருக்கிறார்கள்.

எங்கோ இமயமலையிலும் காரகோரத்திலும் நடக்கிற சங்கதிக்கு இங்கே என்ன தலையங்கம் என்று தோழர்கள் கேட்கலாம். தண்ணீர் எங்கே நின்றாலும், அது எப்போது யார்மேல் விழும் என்பதை ஓர் அலுவலகம் தெரிந்து வைத்திருக்கிறது. விழப்போகிற இடத்தில் இருக்கிறவனுக்கு அது தெரிகிறதா, தெரிந்தால் அவன் எங்கே போவான், போன பிறகு அவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்பவை அரசியல் கேள்விகள். இந்தக் கேள்விகளை மறைப்பதற்கு ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் கொஞ்சமும் பொருந்தாத ஒரு வெள்ளம் உண்டென்றால் அது இந்த வெள்ளம்தான்.

பூகம்பம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேகம் வெடித்துக் கொட்டுகிற மழையும் அப்படித்தான். நிலச்சரிவு ஏரி வேறு மாதிரி. அது நம் கண்ணெதிரே நிரம்புகிறது. நாளொரு அடி, இரண்டடி என்று ஏறுகிறது. அமெரிக்க நிலவியலாளர்கள் காஸ்டாவும் ஷுஸ்டரும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடைந்துபோன 73 நிலச்சரிவு அணைகளை எடுத்துக்கொண்டு, அவை உருவாகி எத்தனை நாளில் உடைந்தன என்று பார்த்தார்கள். 27 சதவீதம் ஒரே நாளில் உடைந்திருக்கின்றன. 41 சதவீதம் ஒரு வாரத்துக்குள். 85 சதவீதம் ஓராண்டுக்குள். பெரும்பாலானவை தண்ணீர் மேலே ஏறி வழிந்ததால் உடைந்தவை. ஒரு நாளில் உடைகிற அணையிடம் மனிதன் செய்யக்கூடியது குறைவு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கிற அணை அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதற்கு மனிதர்கள்தான் பொறுப்பு.

எல்லாமே உடைந்துவிடும் என்றும் இல்லை. தஜிகிஸ்தானில் 1911இல் மலை விழுந்து உஸோய் என்ற கிராமத்தையே புதைத்தது. 500 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அந்த அணை நூறாண்டு தாண்டி நிற்கிறது. அதன் பின்னால் தேங்கிய ஏரிக்கு சாரெஸ் என்று பெயர். அது தண்ணீரில் மூழ்கிப்போன ஓர் ஊரின் பெயர். அணை உடையாமல் நின்றாலும் பலி உண்டு என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. இதைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

கண்காணிப்பு என்கிறார்களே, அது என்ன? அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். வரவு, செலவு, இருப்பு. ஆற்றிலிருந்து நாளுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, கரை வழியாக எவ்வளவு கசிந்து போகிறது, ஏரியில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது. கரையின் தாழ்ந்த இடத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இன்னும் எத்தனை மீட்டர் பாக்கி. அந்தப் பாக்கியை நாளொன்றுக்கு ஏறுகிற அளவால் வகுத்தால் தேதி வந்துவிடும். பனி உருகும் மாதம் வந்தால் வரவு பெருகும், தேதி முன்னால் நகரும். அதனால் கணக்கை ஒருநாள் போட்டு மூடிவைக்க முடியாது. தினமும் போட வேண்டும்.

கசிவை அளந்தால் போதாது, நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கண்மாய்க் கரையில் நடந்து பழகிய எந்தக் கிழவருக்கும் இது தெரியும். இதற்கு மேலே மலையையும் பார்க்க வேண்டும். இன்னொரு துண்டு சரிந்து ஏரியில் விழுந்தால், அது எழுப்புகிற அலையே கரையைத் தாண்டிப் போய் அரிப்பைத் தொடங்கி வைக்கும். வழியத் தொடங்கிய பிறகு வழிகிற வாய்க்கால் எவ்வளவு அகலமாகிறது, எவ்வளவு ஆழமாகிறது என்று மணிக்கு மணி பார்க்க வேண்டும். கீழே எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும், எந்த மேட்டுக்கு ஏறினால் உயிர் தப்பும், சங்கு ஊதினால் எந்த ஊர்வரை கேட்கும் என்பதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். கணிப்பொறியும் செயற்கைக்கோளும் இன்று இந்த வேலைக்கு உதவுகின்றன. ஆனால் அவை பிறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒருமுறை சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

1893 செப்டம்பரில் கார்வால் மலையில், இன்றைய சமோலி மாவட்டத்தில், ஒரு மலைப்பக்கம் இடிந்து பிரேஹி கங்கையில் விழுந்தது. அது அலகநந்தாவில் சேருகிற ஆறு. கோஹ்னா என்ற கிராமத்தருகே சுமார் 900 அடி உயரத்துக்கு ஓர் அணை எழுந்தது. வெள்ளைக்கார அரசின் பொறியாளர் புல்ஃபோர்ட் போய்ப் பார்த்தார். இதைத் தடுக்க வழியில்லை, எச்சரிக்க மட்டுமே முடியும் என்று முடிவுக்கு வந்தார். மழையையும் பனியையும் கணக்கிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் ஏரி நிரம்பி வழியும் என்றார். குரூக்ஷாங்க் என்ற இளம் ராணுவப் பொறியாளர் ஏரிக்கரையில் தங்கி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோஹ்னாவிலிருந்து ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். யாத்திரைப் பாதையின் தொங்குபாலங்களைக் கழற்றி எடுத்து வைத்தார்கள். பள்ளத்தாக்கு நெடுக, வெள்ளம் ஏறக்கூடிய உயரத்துக்கு மேலே மலைச்சரிவில் அடையாளத் தூண்கள் நட்டார்கள். இதற்கு மேலே போய்விடு என்பதுதான் அந்தத் தூண் சொன்ன செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

1894 ஆகஸ்ட் 25 காலையில் தண்ணீர் வழியத் தொடங்கியது. அன்று நள்ளிரவு நெருங்கும்போது அணை உடைந்தது. சில மணி நேரத்தில் ஏரி 390 அடி இறங்கிவிட்டது. கார்வாலின் ஸ்ரீநகர் நகரம் துடைத்து எடுக்கப்பட்டது. புல்ஃபோர்ட் சொன்ன தேதிக்கும் உண்மையில் உடைந்த தேதிக்கும் வித்தியாசம் சுமார் பத்து நாள். அத்தனை பெரிய வெள்ளத்தில் செத்தவர்கள் ஐந்தே பேர். ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும். அவர்களை வெளியேற்றி இருந்தார்கள், அவர்கள் திரும்பிப் போயிருந்தார்கள்.

இதைச் சொல்லி வெள்ளைக்காரன் ஆட்சிக்கு நற்சான்று எழுதும் வேலை நமக்கு இல்லை. கீழே ஹரித்வாரில் கங்கைக் கால்வாயின் தலைமதகு இருந்தது. அரசின் வருமானமும் சொத்தும் அந்த வெள்ளத்தின் வழியில் கிடந்தன. உயிர் பிழைத்தவர்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தார்கள் என்பதும் உண்மை. அந்த ஏரியில் எஞ்சியிருந்த தண்ணீர் 1970 ஜூலையில் அலகநந்தா வெள்ளத்தின்போது உடைத்துக்கொண்டு இறங்கி, அதே பள்ளத்தாக்கை மறுபடியும் அழித்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை 1894 நிரூபித்துவிட்டது. ஓர் ஆள், ஓர் அளவுகோல், ஒரு தந்திக் கம்பி, மலைச்சரிவில் சில தூண்கள். இவ்வளவு இருந்தாலே உயிரைக் காப்பாற்ற முடியும். அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் ‘எங்களுக்கு வசதியில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இதை நூற்றுப் பதினாறு ஆண்டு தள்ளி, காரகோரத்தில் நடந்ததோடு வைத்துப் பார்க்கலாம். பாகிஸ்தான் நிர்வாகத்திலுள்ள கில்கித்-பல்திஸ்தானில் ஹுன்ஸா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே அத்தாபாத் என்ற ஊர். 2002 நிலநடுக்கத்துக்குப் பிறகே மலையில் வெடிப்பு விட்டிருப்பதை ஊரார் பார்த்தார்கள். 2009இல் பாகிஸ்தான் நிலவியல் துறை வந்து பார்த்து ஆபத்தான இடம் என்றது. சிலர் இடம் மாறினார்கள். 2010 ஜனவரி 4ஆம் தேதி மலை விழுந்தது. 20 பேர் செத்தார்கள். ஹுன்ஸா ஆறு நின்றது. பாகிஸ்தானையும் சீனாவையும் இணைக்கிற காரகோரம் நெடுஞ்சாலை அறுந்தது.

அந்த ஆற்றுக்கு இது புதிதல்ல. 1858இலும் அதே ஹுன்ஸா ஆற்றை ஒரு சரிவு ஆறு மாதம் அடைத்து, பிறகு உடைந்து, தொலைவில் சிந்துக்கரை அட்டோக் வரை வெள்ளம் போயிருக்கிறது. 1841இல் நங்க பர்பத் அடிவாரத்தில் சிந்துவே அடைபட்டு உடைந்தபோது அட்டோக் அருகே முகாமிட்டிருந்த சீக்கியப் படை அடித்துக்கொண்டு போனது. இதெல்லாம் தெரிந்துதான் 2010இல் எல்லோரும் பயந்தார்கள்.

இந்தமுறை கண்காணிப்பு நடந்தது. நன்றாகவே நடந்தது. ஃபோகஸ் என்ற நிவாரண அமைப்பு இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் பெட்லியை அழைத்து வந்தது. அவர் கரையைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். நீர்மட்டம் எவ்வளவு, வழிவதற்கு எத்தனை மீட்டர் பாக்கி, கசிவு எவ்வளவு என்று அளந்து, அளந்ததைப் பொதுவில் வைத்தார்கள். உலகின் எந்த மூலையில் இருக்கிற மாணவனும் அந்த எண்களைப் படிக்க முடிந்தது. ராணுவத்தின் எல்லைப்புறப் பணிகள் அமைப்பு கரையின் தாழ்ந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியது. கீழே ஆற்றோர ஊர்களை மேட்டுக்கு நகர்த்தினார்கள். மே 29ஆம் தேதி தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கியது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பெரிய பாறைகள் வாய்க்காலில் கிடந்ததால் அரிப்பு மெதுவாகவே நடந்தது. அணை நின்றுவிட்டது. அஞ்சிய பெருவெள்ளம் வரவில்லை.

கீழே இருந்தவர்களைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. அளந்தவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அந்த ஐந்து மாதம் அணைக்கு மேலே என்ன நடந்தது? கீழே வெள்ளம் ‘வரலாம்’ என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே வெள்ளம் வந்தேவிட்டது. மெதுவாக வந்ததால் அதற்கு வெள்ளம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆயினாபாத் முழுதும் மூழ்கியது. ஷிஷ்கட்டில் பெரும்பகுதி போனது. குல்மித்தின் தாழ்ந்த பகுதிகள் போயின. வீட்டின் உத்திரத்தையும் கதவையும் மனிதர்கள் தாங்களே பெயர்த்துத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏறினார்கள். காய்ப்பில் இருந்த பழமரங்களைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் முன் விறகுக்கு வெட்டினார்கள். ஏரி 20 கிலோமீட்டருக்கும் நீளமானது, 100 மீட்டருக்கும் ஆழமானது. சுமார் 6,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கும் மேலே கோஜாலில் 25,000 பேர் சாலை இல்லாமல் துண்டிக்கப்பட்டார்கள். உருளைக்கிழங்குதான் அவர்களுக்குப் பணம் தருகிற பயிர். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. சுரங்கப் பாதைகளோடு புதிய சாலை திறந்தது 2015 செப்டம்பரில். ஐந்து வருசத்துக்கும் மேல் படகுதான்.

ஏரி ஒரு மீட்டர் ஏறினால், எண்ணைப் படிக்கிறவனுக்கு அது ‘வழிவதற்கு ஒரு மீட்டர் குறைவு’. ஷிஷ்கட்காரனுக்கு அது இன்னொரு வயல், இன்னொரு வீடு. ஒரே எண்தான். ஆனால் யாருடைய இழப்பு அந்த எண்ணில் பதிவாகிறது, யாருடையது பதிவாகாமல் போகிறது என்பதை அளவுகோலை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. உடையாத அணையைக் காட்டி ‘ஆபத்து நீங்கியது’ என்று எழுதி முடிக்கலாம். மூழ்கின ஊருக்காரனுக்கு என்ன நீங்கியது?

இழப்பீடு தருவதாக அரசு சொன்னது. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. 2011 ஆகஸ்ட் 11ஆம் தேதி அலியாபாத்துக்கு அந்தப் பகுதியின் முதலமைச்சர் வந்தபோது, பணம் கிடைக்காத குடும்பங்கள் சாலையில் உட்கார்ந்தன. போலீஸ் சுட்டது. ஓர் இளைஞரும் அவருடைய தகப்பனாரும் செத்தார்கள். பிறகு கலவரம். காவல் நிலையம் எரிந்தது. அத்தாபாத் மக்களுக்காக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த பாபா ஜான் என்ற இடதுசாரித் தோழர் மீதும் மற்றவர்கள் மீதும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. 2014இல் ஆயுள் தண்டனை. 2015இல் அவர் சிறையிலிருந்தபடியே தேர்தலில் நின்று இரண்டாம் இடம் வந்தார். ஜெயித்தவர் பழைய ஹுன்ஸா சமஸ்தானத்தின் அரச வாரிசு. அலியாபாத்தில் மக்கள் மறுபடி நாள்கணக்கில் தர்ணா உட்கார்ந்த பிறகு, 2020 நவம்பரில்தான் பாபா ஜான் வெளியே வந்தார்.

ஏரி உடைந்து கீழே எவரும் சாகவில்லை. ஏரிக்கு நிவாரணம் கேட்டதற்காக இரண்டு பேர் செத்தார்கள். நீர்மட்டத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த நாட்டில், மக்களுடைய பொறுமை எந்த மட்டத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. பார்த்தவன் துப்பாக்கியோடு வந்து பார்த்தான். பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட அப்போது அந்தப் பகுதிக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துப் படித்தால் சங்கதி விளங்கும்.

இந்தியாவின் பக்கமும் பார்ப்போம். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஜூரே என்ற இடத்தில் மலை சரிந்தது. 156 பேர் செத்தார்கள். சுன்கோசி ஆறு அடைபட்டு ஏரியானது. சுன்கோசி கீழே வந்து கோசியாகிப் பீகாருக்குள் இறங்குகிறது. அணை உடைந்தால் பீகார் வரை வெள்ளம் வரும் என்று எச்சரிக்கை போனது. கோசியின் இரண்டு கரைகளுக்கு நடுவே இருந்த பல்லாயிரம் பேரைச் சில நாளில் வெளியேற்றினார்கள். நேபாள ராணுவம் சின்னதாக ஒரு வாய்க்கால் திறந்தது, ஏரி வடியத் தொடங்கியது. எச்சரிக்கை விலக்கப்பட்டது, மக்கள் திரும்பினார்கள். கரை உடைந்தது செப்டம்பர் 7ஆம் தேதி. அதற்குள் ஏரி ஓரளவு வடிந்திருந்தது. பீகாருக்குப் பெரிய சேதம் இல்லை.

ஆனால் கோசியின் இரண்டு கரைகளுக்கு நடுவே ஏன் மனிதர்கள் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 1950களில் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கோசியின் இருபுறமும் கரை எழுப்பினார்கள். கரைக்கு வெளியே இருந்தவனுக்குப் பாதுகாப்பு. கரைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு வருசா வருசம் வெள்ளம். அங்கே இருக்கிற பல லட்சம் பேரில் நிலமற்றவர்கள் உண்டு, முசாஹர் உள்ளிட்ட தலித் மக்கள் உண்டு. ஆக அந்த எச்சரிக்கை யாரைப் போய் எழுப்பியது? ஏற்கனவே ஆற்றுக்குள் தள்ளப்பட்டவர்களை. எழுந்து எங்கே போவது? 2008இல் கோசிக் கரை குசாஹாவில் உடைந்து முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டபோது, நிவாரண முகாம்களில் தலித்துகள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை தலித் அமைப்புகள் முகாம் முகாமாகப் போய்ப் பதிவு செய்தன. முகாமிலும் சேரி உண்டு என்று தெரிந்தவனிடம் ‘உடனே வெளியேறு’ என்று ஒலிபெருக்கியில் கத்தினால் அவன் யோசிக்கத்தான் செய்வான். மாடு இருக்கிறது, பானை சட்டி இருக்கிறது, கூரை இருக்கிறது. போனால் இதெல்லாம் திரும்பக் கிடைக்குமா? அந்த யோசனைக்கு ‘அறியாமை’ என்று பெயர் வைப்பது படித்தவர்களின் வழக்கம். 1894இல் திரும்பிப்போய்ச் செத்த அந்தப் பக்கிரிக் குடும்பத்தைப் பற்றியும் பிடிவாதம் என்றுதான் எழுதினார்கள். வேறே எங்கே இருக்கச் சொன்னார்கள், அங்கே என்ன கிடைத்தது என்று எழுதினவர்கள் யார்?

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 2008 மே மாதம் சீனாவில் வென்சுவான் பூகம்பத்தில் தாங்ஜியாஷான் என்ற இடத்தில் ஆறு அடைபட்டது. கீழே இருந்த இரண்டரை லட்சம் பேரை நகர்த்தினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், ஜூன் 10ஆம் தேதி ஏரியை வடித்தார்கள். அந்த வெள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை. கோஹ்னாவில் முடிந்தது, தாங்ஜியாஷானில் முடிந்தது. ஆகவே முடியுமா என்ற கேள்வி தீர்ந்துபோன கேள்வி. யாருக்காக, யாருடைய செலவில் என்ற கேள்விதான் மிச்சம்.

நம்முடைய நிலைப்பாட்டைச் சொல்லிவிடுவோம். முதலில், அளவு மக்களுக்குச் சொந்தம். நீர்மட்டமும் கசிவும் தேதியும் அதிகாரியின் கோப்பில் தூங்கக் கூடாது. வாக்கி பேசுகிறவருக்கு வாக்கியில், புருஷஸ்கி பேசுகிறவருக்கு புருஷஸ்கியில், மைதிலி பேசுகிறவருக்கு மைதிலியில், அவரவர் தெருவில் தினமும் சொல்லப்பட வேண்டும். ஆங்கில அறிக்கையும் வரைபடமும் நல்லதுதான். ஆனால் மலைச்சரிவில் நட்ட ஒரு தூண் அதைவிட அதிகம் பேருக்குப் பேசும். பீதி கிளம்பும் என்று சொல்லி எண்களை மறைப்பது பழைய தந்திரம். விவரம் தெரியாத இடத்தில்தான் பீதி முளைக்கும்.

இரண்டாவது, பார்க்கிறவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற நிபுணர் ஒருநாள் திரும்பிப் போய்விடுவார். ஏரி அங்கேயே இருக்கும். அத்தாபாத்தில் வெடிப்பை முதலில் கண்டவர்கள் ஊரார்தான். தமிழ்நாட்டின் பல கண்மாய்களில் மடை திறந்து, கரை காத்து, ராத்திரி மழையில் உடைப்பு வந்தால் முதலில் ஓடினவர்கள் நீர்க்கட்டிகளும் நீர்பாய்ச்சிகளும். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தண்ணீரின் பாஷை அவர்களுக்குத் தெரியும். ஆனால் கண்மாய்க் கணக்கில் அவர்கள் பெயர் கூலி நெல்லுக்கு மட்டும்தான் வந்தது, முடிவெடுக்கிற இடத்தில் வரவில்லை. காவல் எங்களுக்கு, கணக்கு உனக்கு என்கிற ஏற்பாடு எந்த மலையிலும் இனி வேண்டாம். அளக்கிற ஊர்க்காரருக்குச் சம்பளம் வேண்டும், பயிற்சி வேண்டும், சங்கு ஊதுகிற அதிகாரமும் அவர் கையில் வேண்டும். மேலிடத்து உத்தரவு வந்துதான் சங்கு ஊத வேண்டுமென்றால், தண்ணீர் உத்தரவுக்குக் காத்திருக்காது.

மூன்றாவது, மேலே மூழ்குகிறவரையும் கணக்கில் எடு. கீழே வரக்கூடிய வெள்ளத்துக்கு வரைபடம் போடுகிற அன்றைக்கே, மேலே மூழ்கப்போகிற வீடுகளுக்கும் வயல்களுக்கும் பட்டியல் போட வேண்டும். நீர்மட்டத்தை வைத்து எந்த வீடு எந்த வாரம் மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். சொல்ல முடிகிற இழப்புக்கு முன்கூட்டியே பணம் தரவும் முடியும். மூழ்கின பிறகு மனு எழுதச் சொல்லி அலையவிடுவது எதற்கு? நிலமற்றவருக்கும் குத்தகைக்காரருக்கும் பட்டா கிடையாது, ஆகவே இழப்பும் கிடையாது என்கிற கணக்கு வாத்தியார்களைத் தோழர்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

நான்காவது, வெளியேறு என்று சொல்கிறவன் கடன்படுகிறான். எச்சரிக்கை உத்தரவு போட்ட நிமிடத்திலிருந்து அரசு அந்த மக்களுக்குக் கடன்காரன். தங்க இடம், சாப்பாடு, மாட்டுக்குத் தீவனம், போன கூலி நாள், திரும்பிப் போகிறவரை எல்லாம் அந்தக் கடனில் சேரும். வெள்ளம் வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி. வெள்ளம் வரவில்லையே, எதற்குப் பணம் என்று கேட்டால் அடுத்த முறை யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஒரு முறை நாணயம் தவறினவனுடைய எச்சரிக்கையை மறுமுறை யார் நம்புவார்கள்? நம்பிக்கையும் கரை மாதிரிதான், உள்ளே கரைவது வெளியே தெரியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிலவியலும் நீரியலும் நமக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடாதீர்கள். இலக்கியமும் சமூகவியலும் படிக்கிற நாம் ‘அதிகாரம்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அதிகாரம் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் மீட்டர் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைப் படிக்கத் தெரியவில்லை என்றால் நம் எழுத்து யாருக்கு உதவும்? வரவு செலவு இருப்பு படிக்கத் தெரிந்தவன் ஒரு கூட்டத்தில் எழுந்து, இன்றைக்கு எத்தனை மீட்டர் பாக்கி, ஏன் மூன்று நாளாக எண் வரவில்லை என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். களத்தில் இருக்கிற தோழர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். வெள்ளம் வந்த பிறகு அரிசி மூட்டையோடு போவது நல்ல காரியம். வெள்ளம் வருவதற்கு முன்னால் தேதி கேட்டுப் போவது அதைவிடப் பெரிய காரியம்.

இமயத்தில் பனி உருகுவதும் பாறை தளர்வதும் கூடிவருகிறது. கூடவே சாலைக்கும் சுரங்கத்துக்கும் மலையை வெடிவைத்துக் குடைகிறார்கள். மலை இனியும் விழும், ஆறுகள் இனியும் அடைபடும். ஏரியின் கரையில் ஓர் அளவுகோல் நடப்படும், யாரோ குனிந்து எண்ணைப் படிப்பார்கள். படித்த எண் கீழே இருக்கிற குடிசைக்கும் மேலே மூழ்குகிற வீட்டுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே இருக்கிறவர் எழுந்து போக ஓர் இடமும், திரும்பி வர ஒரு வாழ்வும் இருந்தால் அதற்குக் கண்காணிப்பு என்று பெயர். எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு நின்றால் அதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது. வேடிக்கை பார்ப்பது.